இணைந்த சாதனங்களுக்கான உள்நுழைவுத் தரநிலை: வரம்பை வகுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தொலைக்காட்சித் திரையில் எட்டு எழுத்துகள் தெரிகின்றன. 'இந்த முகவரிக்குப் போய் இந்தக் குறியீட்டை இடுங்கள்' என்று கீழே ஒரு வரி. ஒருவர் ரிமோட்டை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறார். முகவரியைத் தட்டுகிறார், குறியீட்டை இடுகிறார், ஏற்கெனவே திறந்திருக்கும் தன் கணக்கில் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்துகிறார். சில நொடிகளில் தொலைக்காட்சி அவர் பெயரைச் சொல்லி வரவேற்கிறது.

இங்கே உள்நுழைந்தது யார்? அந்த மனிதரா, பெட்டியா, பெட்டிக்குள் ஓடும் செயலியா? அடுத்த நிமிடம் வீட்டில் வேறொருவர் ரிமோட்டை எடுத்தால் அவரும் உள்ளே இருக்கிறாரா? பெட்டியை ஆறு மாதம் கழித்து விற்றுவிட்டால், அந்தப் பெயர் யாருடைய வீட்டுத் திரையில் தெரியும்?

இணையத்தோடு இணைந்த சாதனங்கள் எழுப்பும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆவணம்தான் உள்நுழைவுத் தரநிலை. எழுத உட்காரும் குழுக்கள் பெரும்பாலும் நேராகச் செய்தி வடிவங்களுக்குப் போய்விடுகின்றன: எந்த முகவரி, எந்தப் புலம், எந்தப் பிழைக் குறியீடு என்று. அதற்கு முன்னால் ஒரு பக்கம் இருக்கிறது. இந்தத் தரநிலை எதைப் பேசும், எதைப் பேசாது என்று சொல்லும் பக்கம். அதைச் சரியாக எழுதாத தரநிலை, பிறகு எவ்வளவு திறமையாக எழுதப்பட்டாலும் காலத்துக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஓ-ஆத் 2.0 நல்ல உதாரணம். கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே ஒரு செயலிக்குத் தன் கணக்கை அணுக அனுமதி தரும் இணையத் தரநிலை அது. 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 ஆக வெளிவந்தது (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலைகள் வெளியாகும் எண்ணிட்ட ஆவண வரிசை). கிளையன்ட் செயலிகளை, அதாவது அனுமதி கேட்கும் செயலிகளைப் பதிவு செய்வது, அனுமதி தரும் சர்வருக்கு என்னென்ன திறன் இருக்கிறது, அதன் முகவரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது ஆகியவற்றை அது வரையறுக்கவில்லை. இதனால் ஒன்றோடொன்று பேச முடியாத செயலாக்கங்கள் உருவாக வாய்ப்புண்டு என்று அந்த ஆவணமே தன் 1.8 ஆம் பிரிவில் நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. பதிவு முறை 2015இல் ஆர்எஃப்சி 7591 ஆக வந்தது. சர்வர் விவரங்களைக் கண்டறியும் முறை 2018இல் ஆர்எஃப்சி 8414 ஆக வந்தது. இடையில் இன்னொன்றும் நடந்தது. ஓ-ஆத் அனுமதி வழங்குவதற்கான ஏற்பாடு. 'இவர் யார்' என்று சொல்வது அதன் வேலை இல்லை. ஆனால் எல்லோரும் அதை உள்நுழைவுக்குப் பயன்படுத்தினார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2014 பிப்ரவரியில், ஆள் யார் என்று சொல்லும் அடுக்காக ஓ-ஆத்தின் மேல் கட்டப்பட்ட ஓப்பன்ஐடி கனெக்ட் வந்தது. அந்தக் குடும்பத்தின் வெளியேறும் முறைகள் இறுதி வடிவம் பெற்றது 2022 செப்டம்பரில். அதுவரை வரைவுகளை வைத்தே ஓட்டினார்கள். கதவைத் திறக்கும் விதிக்கும் மூடும் விதிக்கும் நடுவே எட்டு ஆண்டுகள்.

ஆகவே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்நுழைவுத் தரநிலையின் வரம்பை வெளியேறுதலில் இருந்து வகுக்கத் தொடங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாவற்றிலும் இந்த எண்ணம் ஓடும்.

தொடங்கும் முன் ஒரு சொல் பிரச்சினை. இந்தத் துறையில் 'ஸ்கோப்' என்றால் இரண்டு பொருள். ஒன்று, தரநிலை பேசும் பரப்பு. இன்னொன்று, ஒரு டோக்கன் (அனுமதி கிடைத்ததும் சர்வர் தரும் டிஜிட்டல் சீட்டு) எதற்கெல்லாம் செல்லும் என்ற அனுமதிப் பட்டியல். கூட்டத்தில் ஒருவர் முதலாவதைச் சொல்ல, இன்னொருவர் இரண்டாவதைப் புரிந்துகொண்டு அரை மணி நேரம் பேசுவது சாதாரணம். ஆவணத்தில் முதலாவதற்கு 'வரம்பு', இரண்டாவதற்கு 'அனுமதிப் பட்டியல்' என்று பெயர் வைத்துவிட்டு நகருங்கள். இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன்.

படி 1: யாருடைய அடையாளம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இணைந்த சாதனம் ஒன்றில் குறைந்தது நான்கு அடையாளங்கள் கலந்து கிடக்கின்றன. மனிதரின் அடையாளம். சாதனத்தின் அடையாளம், அதாவது தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட சான்றிதழோ சாவியோ. சாதனத்துக்குள் ஓடும் செயலியின் அடையாளம். நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: இந்த மனிதருக்கும் இந்தச் சாதனத்துக்கும் உள்ள உறவு. உரிமையாளரா, விருந்தாளியா, வாடகைக்கு இருப்பவரா, பழுது பார்க்க வந்தவரா?

சாதனத்தின் அடையாளத்துக்கு ஏற்கெனவே நல்ல வேலை நடந்திருக்கிறது. ஐ-ட்ரிபிள்-இ 802.1ஏஆர் தரநிலை, தயாரிப்பாளர் பதித்த அடையாளத்தையும் பிறகு அந்த இடத்தின் நிர்வாகி தரும் அடையாளத்தையும் பிரித்து வைக்கிறது. 2022 அக்டோபரில் வந்த, வீட்டுச் சாதனங்களுக்கான மேட்டர் 1.0 தரநிலை, சாதனம் அசல்தானா என்பதைச் சான்றிதழ் மூலம் சோதிக்கச் சொல்கிறது. இவற்றை நீங்கள் மறுபடி எழுதத் தேவையில்லை; 'சாதனத்துக்கு நம்பத்தக்க அடையாளம் இருக்கிறது என்று இந்தத் தரநிலை எடுத்துக்கொள்கிறது' என்று ஒரு வரி போதும்.

உங்கள் தரநிலையின் உண்மையான பொருள் அநேகமாக நான்காவது அடையாளமாகத்தான் இருக்கும். 'ஒரு மனிதர், தன் கணக்கின் சார்பாகச் செயல்பட ஒரு சாதனத்துக்கு அனுமதி தருவதும் அதைத் திரும்பப் பெறுவதும்.' இந்த வாக்கியத்தில் 'திரும்பப் பெறுவதும்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்திலேயே அது வந்துவிட்டால், பிறகு யாரும் 'அதை அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்று தள்ள முடியாது.

வாக்கியத்தைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லிப் பாருங்கள். ஐந்து பேர் எழுதினால் மூன்று விதமான வாக்கியங்களாவது வரும். அந்த வேறுபாடுகளை அன்றே பேசித் தீர்ப்பது மலிவு.

படி 2: சாதனங்களைப் பெயரால் பிரிக்காதீர்கள், இயலுமையால் பிரியுங்கள்

'தொலைக்காட்சி, ஸ்பீக்கர், கேமரா, கார், கைக்கடிகாரம்' என்று பட்டியல் போடுவது எளிது. ஆனால் அடுத்த வருடம் புதிதாக ஒரு பொருள் வந்தால் பட்டியல் பழசாகிவிடும். அதற்குப் பதில் கேள்விகளாகப் பிரியுங்கள்: திரை உண்டா? எழுத்து உள்ளிட வழி உண்டா? பிரவுசர் ஓடுமா? சாவியைப் பாதுகாப்பாக வைக்கத் தனிச் சிப் உண்டா? எப்போதும் இணையத்தில் இருக்குமா? ஒருவர் பயன்படுத்துவதா, பலர் பகிர்வதா?

இன்னொரு கேள்வியும் உண்டு, கேட்க மறந்துவிடுகிறோம். நேரம் தெரியுமா? பேட்டரி இல்லாத பல சிறு சாதனங்கள் மின்சாரம் போய் வந்ததும் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும். சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று அதற்குத் தோன்றும். டோக்கன் காலாவதியானதா என்று கணக்குப் போடவும் தெரியாது. எல்லாச் சாதனங்களும் சரியான நேரம் வைத்திருக்கும் என்று உங்கள் தரநிலை சத்தமில்லாமல் நம்பினால், களத்தில் 'காரணமே இல்லாமல் லாகின் ஆகவில்லை' என்ற புகார்களாக அது திரும்பி வரும். வரம்பிலேயே எழுதிவிடுங்கள்: நம்பகமான நேரம் தேவை, அதைப் பெறும் முறை இந்தத் தரநிலைக்கு வெளியே.

மிகச் சிறிய சாதனங்களைப் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். 2014இல் வந்த ஆர்எஃப்சி 7228, திறன் குறைந்த சாதனங்களை வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் முதலாம் வகுப்பு என்பது சுமார் 10 கிலோபைட் நினைவகமும் 100 கிலோபைட் நிரல் இடமும் உள்ளது. அப்படி ஒன்றில் தொலைக்காட்சிக்கு எழுதிய முறையைத் திணிக்க முடியாது. அவற்றுக்கென்றே 2022இல் ஆர்எஃப்சி 9200 வந்திருக்கிறது. 'இரண்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவை ஒரு இடைக்கருவி (கேட்வே) வழியாக மட்டும்' என்பது போல ஒரு கோடு போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

படி 3: ஒரு உள்நுழைவை நொடி நொடியாக எழுதுங்கள்

எனக்குத் தெரிந்த வழிகளில் மிகவும் பயன் தந்தது இதுதான். பொதுவாகப் பேசுவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு உள்நுழைவை எடுத்து நடப்பதை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது நம் வேலையா?' என்று கேளுங்கள். மேலே சொன்ன தொலைக்காட்சியையே எடுப்போம். அதன் முறை 2019 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 8628இல் இருக்கிறது.

செயலி திறக்கிறது, 'நான் இன்ன செயலி' என்று சர்வரிடம் சொல்கிறது. அதை நிரூபிக்க அதனிடம் ரகசியம் எதுவும் இல்லை. ஒரே செயலி லட்சக்கணக்கான பெட்டிகளில் இருக்கும்போது உள்ளே வைக்கும் ரகசியம் ரகசியமே இல்லை. அப்படியானால் செயலியின் உண்மைத்தன்மைக்கு யார் பொறுப்பு? முதல் கேள்வி இங்கேயே வந்துவிட்டது.

சர்வர் இரண்டு குறியீடுகளைத் தருகிறது. ஒன்று நீளமானது, சாதனம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இன்னொன்று குட்டையானது, மனிதர் தட்டுவதற்கு. கூடவே ஒரு முகவரி, எவ்வளவு நேரம் செல்லும் என்ற கணக்கு, எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்ற இடைவெளி.

குட்டைக் குறியீட்டின் எழுத்துகளைப் பற்றி அந்த ஆர்எஃப்சி ஒரு நல்ல யோசனை சொல்கிறது: உயிரெழுத்துகளையும் ஒய்-யையும் விட்டுவிட்டு 20 ஆங்கில எழுத்துகளை மட்டும் பயன்படுத்தலாம். தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் உருவாகாது. எண்கள் இல்லாததால் பூஜ்ஜியமா ஓ-வா என்ற குழப்பமும் இல்லை. எட்டு எழுத்துக்கு 2,560 கோடி சேர்க்கைகள் வருகின்றன. தவறாக இடும் முயற்சிகளுக்கும் கட்டுப்பாடு வைத்துவிட்டால் ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். எழுத்துத் தொகுதியும் முயற்சி எண்ணிக்கையும் உங்கள் வரம்புக்குள் வருமா? வர வேண்டும் என்பேன். இவற்றை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி செய்தால் பாதுகாப்பு ஊருக்கு ஒன்றாகிவிடும்.

மனிதர் குறியீட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறார். இங்கே நின்று யோசிக்க வேண்டும். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற வழிகாட்டி (மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழி சொல்வது), ஒரு திரையில் உள்ளதைப் பார்த்து இன்னொன்றில் எழுதச் சொல்வதை அறிவுத்திறன் சோதனையாகவே கருதுகிறது. அதற்கு மாற்று வழி இருக்க வேண்டும் என்கிறது. கியூஆர் குறியீடு ஒரு மாற்று. பார்வையற்றவருக்கு அதுவும் போதாது. அணுகல்வசதியை 'அது திரை வடிவமைப்பாளர் வேலை' என்று வெளியே தள்ளும் குழுக்களை நான் ஏற்பதில்லை. குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும் என்ற ஒரு வரியாவது உள்ளே இருக்கட்டும்.

கைப்பேசியில் அவர் தன் கணக்கில் நுழைகிறார். கடவுச்சொல்லா, பாஸ்கீயா (கடவுச்சொல்லுக்குப் பதில் கருவியில் இருக்கும் சாவி), வேறு எதுவுமா? இதை வெளியே விடலாம். பாஸ்கீக்கு அடிப்படையான வெப்-ஆத்தென் 2019 மார்ச்சிலேயே, இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாகிவிட்டது, அதைச் சுட்டினால் போதும். ஆனால் அடுத்து வரும் 'அனுமதி' திரையை விடாதீர்கள். எந்தச் சாதனத்துக்கு, எதற்கு, எவ்வளவு காலத்துக்கு அனுமதி தருகிறோம் என்று அந்தத் திரை சொல்ல வேண்டும். உறவு பிறக்கும் கணம் அது.

இதற்கிடையில் தொலைக்காட்சி 'ஆயிற்றா, ஆயிற்றா' என்று சர்வரைக் கேட்டபடி இருக்கிறது. இடைவெளி சொல்லப்படவில்லை என்றால் ஐந்து நொடி. 'மெதுவாக' என்று சர்வர் சொன்னால் இன்னும் ஐந்து நொடி கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதிக்கு ஆர்எஃப்சியை அப்படியே சுட்டிவிடலாம்.

கடைசியில் டோக்கன் வருகிறது, பெட்டி அதை எங்கேயோ எழுதி வைக்கிறது. எங்கே? ஃபேக்டரி ரீசெட் செய்தால் அழியும் இடத்திலா? உங்கள் வரிசையின் கடைசி வரி இதுவாக இருந்தால் நீங்கள் பாதி உள்நுழைவைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் அடுத்த படி.

படி 4: வெளியேறும் வழிகளை முழுதாக எண்ணுங்கள்

உள்நுழைய ஒரு வழி இருந்தால் வெளியேற ஏழெட்டு வழிகள் இருக்கும். பயனர் தானே வெளியேறுகிறார். வீட்டில் இன்னொருவர் மாற்றி நுழைகிறார். கைப்பேசி தொலைந்துவிடுகிறது. கணக்கு மூடப்படுகிறது. கணவன் மனைவி பிரிகிறார்கள், கதவுப் பூட்டும் கேமராவும் ஒருவர் கணக்கிலேயே இருக்கின்றன. உரிமையாளர் இறந்துவிடுகிறார். சாதனம் விற்கப்படுகிறது. சேவை தந்த நிறுவனமே மூடப்படுகிறது.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். யார் தொடங்கலாம்? எவ்வளவு நேரத்துக்குள் நடந்து முடிய வேண்டும்? சாதனம் அப்போது இணையத்தில் இல்லை என்றால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்விதான் கடினம். டோக்கனை ரத்து செய்ய 2013லேயே ஆர்எஃப்சி 7009 வந்துவிட்டது. ஆனால் தன்னுள்ளேயே எல்லா விவரமும் அடங்கிய டோக்கனை, ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்காமலேயே ஏற்றுக்கொள்ளும் அமைப்பில், ரத்து செய்த பிறகும் அதன் ஆயுள் முடியும் வரை அது செல்லும். கதவுப் பூட்டு ஒன்று இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும் என்று வடிவமைத்திருந்தால், நேற்று நீக்கப்பட்டவர் இன்றும் திறக்கலாம். இது தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமில்லை, ஒருவரின் உயிர்ப் பாதுகாப்பு. ஆகவே வரம்பில் ஒரு எண் வேண்டும்: 'ரத்து செய்த பின் அதிகபட்சம் இவ்வளவு நேரத்துக்குள் அணுகல் நிற்க வேண்டும்.' அந்த எண் பூட்டுக்கு ஒன்றாகவும் பாட்டுப் பெட்டிக்கு வேறாகவும் இருக்கலாம். எண் இல்லாமல் இருக்கக் கூடாது.

விற்பனையையும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். விற்பவர் ரீசெட் பொத்தானை அழுத்துகிறார். பெட்டியில் இருந்த டோக்கன் அழிகிறது. சர்வரில் 'இந்தச் சாதனம் இவருடையது' என்ற பதிவு அப்படியே நிற்கிறது. வாங்கியவர் தன் கணக்கைச் சேர்க்கப் போனால் 'ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கிறார்' என்று வருகிறது. திருட்டைத் தடுக்க வைத்த காவல், நேர்மையாக வாங்கியவரை மறிக்கிறது. எதிர்த்திசையும் உண்டு: சர்வர் பதிவை யார் கேட்டாலும் மாற்றிவிட்டால், திருடியவர் உரிமையாளராகிவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதை உங்கள் வரம்பு சொல்ல வேண்டும். சாதனத்தை முதன்முதலில் இணைக்கும் பகுதியை ஃபிடோ டிவைஸ் ஆன்போர்டு போன்ற தரநிலைகளுக்கு விடலாம். உரிமை கைமாறும் தருணத்தை விட முடியாது.

படி 5: உள்ளே, வெளியே, பிறகு

இப்போதுதான் பட்டியல் போட வேண்டும். பட்டியல் கடைசியில் வர வேண்டியது. முதலில் போட்டால் அவரவர் விருப்பம்தான் பட்டியலாகும்.

'வெளியே' பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் கூடவே ஒரு விலாசம் வேண்டும். 'கடவுச்சொல் கொள்கை, வெளியே' என்று மட்டும் எழுதினால் அந்த வேலை அனாதையாகிவிடும். 'வெளியே, அடையாளம் வழங்குபவரின் (கணக்கை வைத்திருக்கும் சேவையின்) பொறுப்பு' என்றோ 'வெளியே, இன்ன ஆர்எஃப்சி பார்க்க' என்றோ 'வெளியே, தயாரிப்பாளர் எழுதி வெளியிட வேண்டும்' என்றோ இருக்கட்டும். விலாசம் கிடைக்காத ஒன்று வந்தால், அது உங்கள் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

'பிறகு' பட்டியல் ஆபத்தானது. கூட்டத்தில் ஒத்துவராத எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். நான் சொல்லும் விதி இது: எந்தப் பதிப்பில், யார் எழுதுவார் என்று சொல்ல முடியாதது 'பிறகு' ஆகாது. அதை 'வெளியே'க்கு மாற்றிவிடுங்கள். அதோடு, பிறகு வரப்போவதற்கு இடம் விட்டுத்தான் இப்போதைய வடிவம் இருக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் ஒரே ஒரு யோசனை. சாதனம் செய்பவர், செயலி எழுதுபவர், கணக்கு வைத்திருக்கும் சேவையின் ஆள், பாதுகாப்பு வல்லுநர் என்று எல்லோரும் வருவார்கள். வாடிக்கையாளர் உதவி மையத்தில் தொலைபேசி எடுக்கும் ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள். 'பழைய ஓனர் பேர் வருது சார்' என்று ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

படி 6: எந்தத் தாக்குதலுக்குப் பதில் சொல்கிறீர்கள்?

எல்லாத் தாக்குதலையும் தடுப்போம் என்று எழுதும் தரநிலை எதையும் உருப்படியாகத் தடுக்காது. பெயர் சொல்லி எடுங்கள்.

உங்கள் துறைக்கே உரிய தாக்குதல் ஒன்று இருக்கிறது. திருடன் தன் கணினியில் சாதன உள்நுழைவைத் தொடங்குகிறான், குட்டைக் குறியீட்டைப் பெறுகிறான். 'கூட்டத்தில் சேர இந்தக் குறியீட்டை இடுங்கள்' என்று உங்களுக்கு அனுப்புகிறான். நீங்கள் போவது உண்மையான தளம். முகவரி சரி, பூட்டுச் சின்னம் சரி, இரண்டாம் நிலைச் சரிபார்ப்பும் சரியாக நடக்கிறது. 'அனுமதி' அழுத்தியதும் டோக்கன் போவது அவனுக்கு. போலித் தளத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த பாடம் எதுவும் இங்கே உதவாது. ஆர்எஃப்சி 8628 தன் 5.4 ஆம் பிரிவில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட், போலிக் கூட்ட அழைப்புகள் மூலம் இதே வழியில் நடந்த தாக்குதல்களை விவரித்து வெளியிட்டது.

ஓட்டை எங்கே என்றால், குறியீட்டைக் காட்டும் சாதனமும் தட்டும் மனிதரும் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்று அந்த முறை நம்புகிறது, சரிபார்ப்பதில்லை. பாஸ்கீ உலகில் கைப்பேசியால் கியூஆர் பிடித்து இன்னொரு கருவியில் நுழையும்போது, இரண்டும் அருகில் இருக்கின்றனவா என்று புளூடூத் மூலம் சோதிக்கிறார்கள். உங்கள் வரம்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அருகாமையைச் சோதிப்பது கட்டாயமா, விருப்பமா, வெளியேயா? தொலைக்காட்சிகளுக்கு வெறும் குறியீடு போதும், பணமோ பூட்டோ சம்பந்தப்பட்டால் அருகாமை கட்டாயம் என்று பிரிப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது.

தொடக்கக் கடவுச்சொற்களைப் பற்றி நீட்ட வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் வெறும் அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டே கேமராக்களையும் ரவுட்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. எல்லாச் சாதனத்துக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது என்பதை 2020இல் வந்த எட்சி இஎன் 303 645 என்ற ஐரோப்பியத் தரநிலை சொல்லிவிட்டது. ஒரு வரியில் அதைச் சுட்டிவிட்டுப் போங்கள்.

படி 7: உறுதி நிலையும் சட்ட அடையாளமும்

'இவர் உண்மையில் யார்' என்பதும் 'நேற்று வந்தவரேதானா இவர்' என்பதும் வேறு வேறு கேள்விகள். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் தன் 800-63 வழிகாட்டியின் 2017 பதிப்பில் இவற்றைத் தனித்தனி அளவுகோல்களாகப் பிரித்தது: ஆளை நிரூபிப்பதற்கு ஒன்று, சரிபார்ப்புக்கு ஒன்று, அந்தத் தகவலை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதற்கு ஒன்று. நீங்களும் அப்படியே பிரியுங்கள். ஆளை நிரூபிப்பதை வெளியே வைத்துவிட்டால் ஆவணம் பெரிதும் இளைக்கும். பாட்டுக் கேட்க அரசு அடையாள அட்டை கேட்கும் நிலைக்கும் யாரும் போகமாட்டார்கள்.

படி 8: தனியுரிமையை இன்னொரு குழுவிடம் தள்ளாதீர்கள்

ஒரு மனிதருக்கு எல்லாச் சாதனத்திலும் ஒரே அடையாள எண் கொடுத்தால் வேலை எளிது. தொலைக்காட்சி செய்பவரும் எடை இயந்திரம் செய்பவரும் அந்த எண்ணை ஒப்பிட்டு ஒரே ஆள் என்று கண்டுபிடிப்பதும் அதே அளவு எளிது. ஓப்பன்ஐடி கனெக்ட், ஒவ்வொரு சேவைக்கும் வேறு வேறு எண் தரும் வழியைத் தன் மூல ஆவணத்திலேயே வைத்திருக்கிறது. அதை விருப்பமாக விடாமல் இயல்புநிலை ஆக்குங்கள். பிறகு சேர்க்கலாம் என்றால் முடியாது. ஒருமுறை வெளியே போன எண்ணைத் திரும்பப் பெற வழியில்லை.

பகிர்ந்து பயன்படுத்தும் சாதனங்களில் இன்னொரு சிக்கல். கூடத்தில் இருக்கும் ஸ்பீக்கரை ஒருவர் இணைக்கிறார், ஐந்து பேர் பேசுகிறார்கள். மற்ற நால்வரும் எதற்கும் அனுமதி தரவில்லை. அவர்களை உங்கள் தரநிலை என்ன பெயரில் அழைக்கிறது? பெயரே இல்லை என்றால் அவர்களுக்கு உரிமையும் இல்லை. 'கணக்கில்லாப் பயனர்' என்று ஒரு சொல்லையாவது வரையறைப் பகுதியில் சேருங்கள்.

படி 9: வரம்பு அறிக்கையை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். இப்படி:

'இந்தத் தரநிலை, ஒரு மனிதர் தன் கணக்கின் சார்பாகச் செயல்பட இணைந்த சாதனம் ஒன்றுக்கு அனுமதி தருவது, அந்த அனுமதியைப் பார்ப்பது, மாற்றுவது, திரும்பப் பெறுவது, சாதனம் கைமாறும்போது முடித்துவைப்பது ஆகியவற்றை வரையறுக்கிறது. நம்பகமான நேரமும் இணைய இணைப்பும் உள்ள, ஆர்எஃப்சி 7228இன் இரண்டாம் வகுப்பிலோ அதற்கு மேலோ உள்ள சாதனங்களுக்குப் பொருந்தும். மனிதர் தன் கணக்கில் எப்படிச் சரிபார்க்கப்படுகிறார் என்பது அடையாளம் வழங்குபவரின் பொறுப்பு. சாதனத்தின் அசல்தன்மையும் முதல் இணைப்பும் தனித் தரநிலைகளின் பொறுப்பு. சட்டப்படியான அடையாளத்தை நிரூபிப்பது இதில் இல்லை. ஒரே சாதனத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது இரண்டாம் பதிப்பில் வரும். அதற்கான புலம் இந்தப் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டுள்ளது.'

இதில் 'தடையற்ற', 'அதிநவீன', 'அனைவருக்கும்' போன்ற சொற்கள் இல்லை என்பதைப் பாருங்கள். சோதிக்க முடியாத சொல் வரம்பில் இருந்தால், பிறகு ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை அதில் வாசித்துக்கொள்வார்கள்.

கட்டாயம், பரிந்துரை, விருப்பம் என்ற மூன்று சொற்களுக்கும் 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 தரும் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கட்டாயம்' என்று எழுதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது வெறும் ஆசை, பரிந்துரைக்கு இறக்குங்கள்.

படி 10: ஆறு கதைகளால் தட்டிப் பாருங்கள்

எழுதிய பக்கத்தை, இதுவரை கூட்டங்களுக்கு வராத ஒருவரிடம் கொடுங்கள். கூடவே இந்த ஆறு கதைகளையும் கொடுங்கள்: தொலைந்த கைப்பேசி, கைமாறிய கேமரா, பிரிந்துபோன தம்பதியின் கதவுப் பூட்டு, மின்சாரம் போய் வந்த தெர்மோஸ்டாட், விருந்தாளி பேசிய ஸ்பீக்கர், மூடப்பட்ட நிறுவனத்தின் கடிகாரம். ஒவ்வொன்றுக்கும் 'இந்தத் தரநிலை பதில் சொல்கிறது', 'சொல்லவில்லை, ஆனால் யார் சொல்வார் என்று காட்டுகிறது', 'தெரியவில்லை' என்று மூன்றில் ஒன்றை அவர் எழுதட்டும். 'தெரியவில்லை' ஒன்று வந்தாலும் படி 5க்குத் திரும்புங்கள்.

அப்புறம் அந்தப் பக்கத்துக்கு ஒரு பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, மாற்ற வேண்டுமானால் யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று அடியில் எழுதிவிடுங்கள். புதிதாக ஒன்றை உள்ளே சேர்க்கக் கேட்பவர், அதன் வெளியேறும் வழியையும் சேர்த்தே எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கையில் இல்லை என்றால் குழு அதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.